சம்பந்திச் சொம்பில் திராட்சைச் சோடா

அப்பா கிணற்றடியில் நின்று வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

உள்ளறையில் ஜன்னலுக்கு நேராக என்னை உட்கார வைத்து அத்தை பூ முடிந்துகொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் கிணறு தெரியும். அப்பா வாளியில் கைவிட்டு அள்ளுகிறார், கொப்பளிக்கிறார், துப்புகிறார், மறுபடி அள்ளுகிறார். புது வேட்டியின் முன்பக்கமெல்லாம் நனைந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான் இருந்தது.

"உங்கப்பனுக்கு என்னாச்சு கண்ணு? பல்லுல ஏதாச்சும் மாட்டிக்கிச்சா?" என்றாள் அத்தை.

எனக்கென்ன தெரியும்? மணப்பெண் எழுந்து போய்க் கேட்கவும் முடியாது. தலையில் பாதிப் பூ ஏறியிருந்தது.

வெண்ணந்தூர் நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணான என்னை, ராசிபுரத்துச் சோடாக் கம்பெனிக்காரர் மகனுக்கு நிச்சயம் செய்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். "சோடாக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் சோடா கொடுத்தார்களா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கொடுத்தார்கள் அம்மா. அந்தச் சோடாவால்தான் கல்யாணம் நிற்க இருந்தது.

கம்பெனி என்ற ஓட்டு வீடு

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டு வீட்டின் முன்பகுதியில் ஒரு கை யந்திரம், மூலையில் காஸ் உருளை, தண்ணீர்த் தொட்டி, வைக்கோல் போட்ட பெட்டிகளில் கோலி வைத்த பாட்டில்கள். அவ்வளவுதான் கம்பெனி. பாட்டிலை யந்திரத்தில் மாட்டி, சாக்கைப் போர்த்திச் சுற்றுவார்கள். சாக்குப் போர்த்த மறந்த ஒருநாள் பாட்டில் வெடித்து என் வீட்டுக்காரருக்குப் புருவத்தில் ஒரு வெட்டு. பெண் பார்க்க வந்தபோது அதைப் பார்த்து அடிதடிக்காரரோ என்று நான் பயந்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் சோடா என்றால் வயிற்று வலிக்கு மருந்து. விருந்து சாப்பிட்டுத் திணறுகிறவர்கள் குடிப்பார்கள். சாராயக் கடைகள் திறந்திருந்தவரை சாராயம் குடிக்கிற மைனர்களும் வாங்குவார்கள். ஆகவே சோடாக்காரர் என்றாலே ஊரில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். என் மாமனாருக்கு அது பெரிய குறை. "நான் விக்கிறது தண்ணியும் காத்துமுங்க. அதுல என்னுங்க பாவம்?" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருப்பார்.

துரைமார் பங்களாவில் பார்த்தது

மாமனார் சேலத்தில் துரைமார் கூடுகிற ஒரு பங்களாவுக்குச் சோடா போட்டுக்கொண்டிருந்தார். பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது என் வீட்டுக்காரர். கோடையில் ஒரு மத்தியானம், அங்கே பட்லர் ஒரு நீளக் கண்ணாடித் தம்ளரில் பாதிக்குச் சிவப்பு ஒயின் ஊற்றி, ஐஸ் துண்டு போட்டு, மீதிக்கு நம் சோடாவை உடைத்து ஊற்றித் துரைசானிகளுக்குக் கொண்டுபோனதை இவர் பார்த்திருக்கிறார். தம்ளர் முழுக்கக் குமிழி. வெளிப்புறம் வியர்த்து வழிகிறது.

வந்து சொன்னபோது யாரும் நம்பவில்லை. காசு கொடுத்து வாங்கியதில் யாராவது தண்ணீர் கலப்பார்களா என்று சிரித்தார்கள். இவருக்கு மட்டும் அந்தத் தம்ளர் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஒயினுக்குப் பதில் பழச்சாறு ஊற்றினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. எலுமிச்சை ஊற்றிப் பார்த்தார், நன்னாரி ஊற்றிப் பார்த்தார். பெங்களூர்ப் பக்கத்துக் கறுப்புத் திராட்சை கிடைத்த அன்று அதைப் பிழிந்து ஊற்றினார். அதே நிறம், அதே குமிழி. அன்று ராத்திரி சாப்பிடக்கூட இல்லையாம், அவ்வளவு சந்தோஷம்.

இப்போது கல்யாண வீடுகளில் கலர் பாட்டிலைப் பெட்டி பெட்டியாக இறக்குகிறார்கள். பிள்ளைகள் பாதி குடித்துவிட்டு நாற்காலிக்கடியில் வைத்துவிட்டுப் போகின்றன. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அறுந்த பாவு

அப்பாவின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அப்பா நல்ல நெசவுக்காரர், நல்ல குடிகாரரும்கூட. இரண்டையும் மறைக்கவில்லை. சாயங்காலம் தறியைவிட்டு எழுந்தால் நேரே கள்ளுக்கடைதான். அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். வந்து அம்மா போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். அவருடைய துண்டில் எப்போதும் ஒரு புளித்த வாடை இருக்கும்.

எங்கள் ஜில்லாவில்தான் முதன்முதலில் மதுவிலக்குக் கொண்டுவந்தார்கள். கடைகள் மூடியதும் அம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுத்த ஜில்லா, அங்கே கடைகள் திறந்தே இருந்தன. எங்கள் ஊர் ஆண்களில் பலருக்கு அந்தப் பக்கம் திடீரென்று சொந்தபந்தம் முளைத்தது. அப்பாவுக்கும் முளைத்தது.

அப்படிப் போய்விட்டு ஒருநாள் காலையில் திரும்பி வந்தார். தெருவில் பாவு போட்டிருந்தார்கள். நெசவுத் தெருவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, ஆளுக்கொரு பக்கம் நின்று சீராக்குவார்கள். அது ஒரு வீட்டு வேலை அல்ல, தெருவே வந்து நிற்கும். அப்பா தள்ளாடி வந்து அந்தப் பாவின் மேலேயே விழுந்துவிட்டார். இழைகள் பொத்துப் பொத்தென்று அறுந்தன. அது என் கல்யாணக் கூறைப் புடவைக்குப் போட்ட பாவு.

அத்தனை பேரும் வெயிலில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை இழை பிணைத்தார்கள். அப்பா தெளிந்து எழுந்தபோது எதிர்வீட்டுக் கிழவர் எச்சில் தொட்டு இழை முறுக்கிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் அப்பா தாங்கியிருப்பார்.

நேரே மாரியம்மன் கோவிலுக்குப் போனார். மஞ்சள் கயிற்றைக் கையில் காப்பாகக் கட்டிக்கொண்டு, கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். "இனிமேட்டு அது என்ற நாக்குல பட்டா, என்ற மகளத் தாரை வாத்துக் குடுக்கற கை எனக்கில்லை தாயே."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் எனக்குப் பரவாயில்லை. இதைத்தான் சொன்னார். அதன் பிறகு அவர் தொடவில்லை.

ஒரே சொம்பு

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். முகூர்த்தத்துக்கு முன் சம்பந்திகள் இருவரும் பந்தல் வாசலில் நின்று ஒரே சொம்பில் பானகம் குடிப்பார்கள். இரண்டு வீட்டுக்கும் இனிப் பகையில்லை என்று அதற்கு அர்த்தம். முதலில் மாப்பிள்ளையின் தகப்பனார், பிறகு பெண்ணைப் பெற்றவர். வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் சம்பந்தமே வேண்டாம் என்று ஆகிவிடும்.

வைகாசி மாத வெயில். சேலம் ஜங்ஷனில் ரயிலிலிருந்து இறக்கிய ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்து, சாக்குச் சுற்றி, மாட்டு வண்டியில் கொண்டுவந்திருந்தார்கள் மாப்பிள்ளை வீட்டார். வெண்ணந்தூரில் அதற்கு முன் ஐஸ் பார்த்தவர்கள் குறைவு. தொட்டுப் பார்த்துவிட்டுச் சுடுகிறது என்று கையை உதறினார்கள். கூடவே வாய்க்குத் துணி கட்டிய மண்பானைகளில் திராட்சைச் சாறு. பானகத்துக்குப் பதிலாக அதைச் சொம்பில் பாதி ஊற்றி, ஐஸ் போட்டு, எல்லோர் கண் முன்னாலும் கோலியைத் தட்டிச் சோடா நிரப்பினார் மாப்பிள்ளை. தண்ணீரும் காற்றும் விற்கிறவர் வீட்டுப் பெருமை அது.

மாமனார் குடித்தார். சொம்பை அப்பாவிடம் கொடுத்தார். அப்பாவும் குடித்தார்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டு உறவினர் ஒருவர், வேடிக்கைப் பேச்சுக்காரர், "எப்புடீங்க சம்பந்தி? தொரைமாரு குடிக்கிற சரக்காச்சே" என்றார். கூட்டம் சிரித்தது.

அப்பா சிரிக்கவில்லை. சொம்பை மெதுவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

கிணற்றடியில்

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. ஜன்னல் வழியாக நான் பார்த்தது, கிணற்றைச் சுற்றி ஒவ்வொருவராக ஆள் சேர்ந்ததை.

"வெளையாட்டுக்குச் சொன்னாருங்க. பழச்சாறுதானாமா," என்றாள் அம்மா.

"என்ற நாக்குக்குத் தெரியும்," என்றார் அப்பா.

மாமனாருக்கு முகம் கறுத்துவிட்டது. "அப்ப நாங்க சாராயத்தக் கலக்கிக் கொண்டாந்து சபையில குடுத்தோம்ங்கறீங்களா? மதுவிலக்கு இருக்கற ஜில்லாவுல இந்தப் பேச்சு வெளிய போனா, நான் கடைய இழுத்துப் பூட்டிட்டுப் போவ வேண்டியதுதானுங்க."

"உங்களக் குத்தம் சொல்லலீங்க சம்பந்தி. இந்தக் கைக்கு இனி யோக்கியதை இல்லீங்க. தம்பி தாரை வாத்துக் குடுக்கட்டும்."

"பெத்தவரு நிக்கறப்ப சித்தப்பன் எதுக்கு வாக்கோணும்? அப்புடீன்னா நான் தண்ணிச் சொம்பத் தொடமாட்டேன்," என்றாள் அம்மா. தாரை வார்க்கும்போது நீர் விடுவது பெண்ணின் தாயார்.

"சாராயம்னு சொல்லிப்போட்டு, எங்கூட்டுக்கே பொண்ணும் குடுப்பாங்களாமா?" மாமனார் தம் ஆட்களைப் பார்த்துத் திரும்பினார். "வண்டியப் பூட்டுங்கப்பா."

மாப்பிள்ளை ஒரு பக்கம் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். கையில் இன்னும் சோடா பாட்டில் இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தெருவே சேர்ந்து இழை பிணைத்த புடவையைக் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு சொம்புச் சாற்றுக்காக எல்லோரும் வண்டி பூட்டுகிறார்கள். எழுந்தேன். அத்தை கையைப் பிடித்தாள். உதறிவிட்டு வெளியே போனேன். பெண் முகூர்த்தத்துக்கு முன் கிணற்றடிக்கு வந்ததைப் பார்த்ததும் கூட்டம் தானாக வழிவிட்டது.

"அதுல எனக்கு ஒரு தம்ளர் ஊத்துங்க," என்றேன் மாப்பிள்ளையிடம். அதுதான் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

"தாலி ஏறற வரைக்கும் பச்சத் தண்ணி ஆவாது கண்ணு," என்று அத்தை பின்னாலிருந்து பதறினாள். நான் காதில் வாங்கவில்லை. அவர் சாறு ஊற்றி, ஐஸ் போட்டு, சோடா நிரப்பிக் கொடுத்தார். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தேன்.

பல் கூசியது. காற்று மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, தொண்டையில் ஒரு சுருக். சுருக்கென்றது சோடாவின் வேலை என்று நினைத்தேன். அதற்கு முன் நான் சோடாவும் குடித்ததில்லை, ஐஸும் தொட்டதில்லை.

"எனக்கு ஒண்ணும் பண்ணலீங்கப்பா. வெறும் திராச்சப் பழந்தான்," என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

அப்பா தம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கூட்டத்தை மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தார். துண்டை எடுத்து வாயையும் கையையும் துடைத்துக்கொண்டார்.

"திராச்சதான்," என்றார் உரக்க. "அவரு வெளையாட்டுக்குச் சொன்னத நெசம்னு எடுத்துக்கிட்டேன். மன்னிக்கோணுங்க சம்பந்தி. வாங்க, நேரமாவுது."

தாரை வார்த்தபோது அப்பா என் கையைப் பிடித்தபடி கோவில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா விட்ட நீரில் பாதி பாயில் போயிற்று. என் காதெல்லாம் சூடாக இருந்தது, வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். மேளக்காரர் அன்றைக்கு நிறுத்தவே மனமில்லாமல் வாசித்தார். வேடிக்கைப் பேச்சுக்காரர் பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தார். வெயில் தாங்கவில்லை என்றார்கள்.

அப்பா பந்தியில் உட்காரவில்லை. எங்கேயோ போய்விட்டு, நாங்கள் ராசிபுரத்துக்கு வண்டி ஏறும் நேரத்துக்குத்தான் வந்தார். கையில் புதுக் காப்பு இருந்தது. கல்யாணத்துக்குக் கட்டியது என்று எண்ணி யாரும் கேட்கவில்லை.

கோழிகள் சொன்ன சாட்சி

புகுந்த வீட்டில் எனக்கு அதனால் தனி மதிப்பு. விரதத்தை விட்டுக் கல்யாணத்தைக் காப்பாற்றிய மருமகள் என்று மாமனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நானும் குறைக்காமல், கொஞ்சம் கூட்டியே சொல்லிக்கொண்டேன். கேட்டுக் கேட்டு என் வீட்டுக்காரருக்கே அலுத்துவிட்டது.

சில வருஷம் கழித்து வாழப்பாடி மண்டிக்காரர் ஒருவர் தம் வீட்டு விசேஷத்துக்கு அதே திராட்சைச் சோடா வேண்டும் என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு பெரிய அளவில் செய்ததில்லை. கடையில் விற்பதற்கென்றால் அன்றன்றைக்குப் பிழிந்து அன்றன்றைக்கே தீர்த்துவிடுவோம். விசேஷத்துக்கு என்பதால், கல்யாணத்துக்குச் செய்தது போலவே என் வீட்டுக்காரர் பழத்தை நசுக்கித் தோலோடு சர்க்கரை போட்டுப் பானையில் ஊற வைத்தார். தோலோடு கிடந்தால்தான் அந்த ஒயின் நிறம் ஏறும் என்பது அவர் கண்டுபிடிப்பு.

மூன்றாம் நாள் காலை ஓடிவந்து கூப்பிட்டார். "இங்க வந்து பாரு, தானா நொர கட்டுது. பாதிச் சோடா மிச்சம்." சோடாக்காரருக்கு நுரையைக் கண்டால் சந்தோஷம். நுரை நல்லது என்று பிறந்ததிலிருந்து பழகியவர்.

நான் குனிந்து துணியை விலக்கினேன். ஐஸ் இல்லை, சோடா இல்லை, குளிர்ச்சியில் அடங்கிப்போக வழியில்லை. வாடை முகத்தில் வந்து மோதியது. அப்பாவின் பழைய துண்டு.

பானையைத் தூக்கிப் புழக்கடைக் குப்பையில் கவிழ்த்தேன். இவர் தலையில் கைவைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் வந்து சக்கையைக் கிளறித் தின்றன. மத்தியானம் பார்த்தால், ஒன்று சுவரில் முட்டுகிறது, ஒன்று ஒற்றைக் காலைத் தூக்கிவிட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறது, சேவல் மல்லாந்து கிடக்கிறது. இவர் வெகுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, கல்யாணத்துல?" என்றார்.

"அதுதான்," என்றேன்.

மாமனாரிடம் நாங்கள் சொல்லவில்லை. தண்ணீரும் காற்றும்தான் விற்கிறேன் என்று சொல்லியே வாழ்ந்த மனிதருக்கு அந்த வயதில் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? மண்டிக்காரருக்குப் புதுப் பழம் வாங்கி, விசேஷத்தன்று காலையில் பிழிந்து, காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தோம். நிறம் மங்கல்தான். யாரும் கேட்கவில்லை.

அப்பாவிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. வண்டி கட்டிக்கொண்டு வெண்ணந்தூர் போனேன். எங்கள் கடைச் சோடா சிலவற்றை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனேன். அப்பா தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். கையில் காப்பு, மஞ்சள் போய் நூல் வெளுத்திருந்தது.

"ஏனுங்கப்பா, அன்னிக்கு அந்தச் சொம்புல நீங்க சொன்னதுதான் இருந்துச்சு," என்றேன்.

"தெரியும் சாமி," என்றார். தறி நிற்கவில்லை.

"தெரிஞ்சுமா தாரை வாத்தீங்க?"

குறுக்கு நூலோடு ஓடும் நாடாவைக் கையில் பிடித்து நிறுத்தினார். "நீ வெறும் வவுத்துல, அத்தன பேரு முன்னால நின்னு அதக் குடிச்சுப்போட்டே. அதுக்கு மேல நான் சாராயம்னு சொன்னா, ஊரு ஆரப் பேசும்? தாலி ஏறறதுக்கு முன்னாடி குடிச்சவள்னு காலத்துக்கும் உன்னயத்தான் பேசும். என்ற சத்தியம் போனா என்னோட போவட்டும்னு உட்டுட்டேன். ஆத்தாகிட்டப் போயி மறுக்காக் காப்புக் கட்டிக்கிட்டேன்."

அத்தனை வருஷம் நான் அவரைக் காப்பாற்றியதாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். அவர் அதைக் கேட்டும் இருக்கிறார், என் வீட்டிலேயே உட்கார்ந்து, மாமனார் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டு.

வேறென்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சோடாவை எடுத்துக் கோலியைத் தட்டினேன். இது வெறும் சோடாதான் என்று காட்ட, கல்யாணத்தன்று செய்தது போல் நான் முதலில் ஒரு மடக்குக் குடிக்க எடுத்தேன். பாட்டில் என் வாய்க்கு வருவதற்குள் அப்பா குழியிலிருந்து எட்டி அதை வாங்கிக்கொண்டு, முகர்ந்துகூடப் பார்க்காமல் குடித்தார்.